இருபது மில்லி

ஏப்ரல் பதினொன்று, காலை பதினொன்றே முக்கால். வேளாண் பல்கலைக்கழகத்தின் இதழியல் துறை, மூன்றாம் எண் அறை. மேசைமேல் பூச்சிமருந்து பாட்டில் ஒன்று இருந்தது. அதையே பார்த்தபடி ஒரு பெண்மணி தனியாக உட்கார்ந்திருந்தார்.

கதவுக்கு வெளியே ஒரு மாணவன் தன் முறைக்காகக் காத்து நின்றான். வேகமாகப் பேசுவதால் வகுப்பில் அவனுக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர். ஏற்கெனவே இரண்டு முறை தடம் புரண்ட எக்ஸ்பிரஸ்.

இறுதியாண்டில் இப்படி ஒரு தேர்வு. மேசையில் இருக்கும் மருந்தை எப்படி அடிப்பது என்று மாணவன் மூன்று நிமிடம் சொல்ல வேண்டும். சிவப்பு விளக்கு எரிந்ததும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். கேட்டுக்கொண்டிருந்த பண்ணை வேலையாள், பச்சை விளக்கு எரிந்ததும் அதை மைக்கில் திருப்பிச் சொல்வார்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருக்கும் பேராசிரியருக்கு மாணவன் பேசுவது கேட்காது. வேலையாள் சொல்வதுதான் கேட்கும், மதிப்பெண்ணும் அதற்குத்தான். போன தடவை கேட்ட பெரியவர், "தம்பி நல்லாத்தான் பேசுச்சு, எதைப் பத்தின்னுதான் தெரியல" என்று மைக்கில் சொல்லிவிட்டார்.

மூன்றாவது முறையும் தவறினால் படிப்பை விட்டு வெளியே போக வேண்டும். விதி அப்படி.

"ஏன்டா இப்படிப் பயந்து சாகிற?" என்றாள் அவனுக்கு முன்னால் முடித்துவிட்டு வந்த வகுப்புத் தோழி. "அந்தம்மா தங்கமானவங்க. குறுக்க ஒரு வார்த்தை பேசல. என் மூஞ்சியையே பார்த்துட்டிருந்தாங்க."

"லாரில கிளீனர் வேலை காலியாதான் இருக்குன்னு எங்கப்பா நேத்தே சொல்லிட்டாரு."

"அங்கயாவது மெதுவாப் போ."

உள்ளே போனான். இழுத்த நாற்காலி கையை விட்டுச் சரிந்து, தடாலென்று தரையில் விழுந்தது. அந்தம்மா பாட்டிலிலிருந்து கண்ணைக்கூட எடுக்கவில்லை. இந்த நிதானத்தில் கால்வாசி தனக்கு இருந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டு, நாற்காலியை நிமிர்த்தி எதிரில் உட்கார்ந்தான்.

கும்பிட்டான். அவரும் சிரித்துக் கும்பிட்டார். பேச ஆரம்பித்தான். என்ன பேசினான் என்பது அவனுக்கே சரியாக உறைக்கவில்லை. அவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார், அது ஒன்றுதான் தெம்பு. சிவப்பு விளக்கு எரிந்தது.

வாயை மூடிய பிறகுதான் சொன்னது காதில் திரும்ப ஒலித்தது. 'பத்து லிட்டர் தண்ணிக்கு இருநூறு மில்லிம்மா.'

பாட்டிலைப் பார்த்தான். இருபது மில்லி என்று கொட்டை எழுத்தில் இருந்தது. பத்து மடங்கு. செடி கருகுவது இருக்கட்டும், முதுகில் டேங்க்கைச் சுமந்து அடிப்பவரையே படுக்கையில் தள்ளிவிடும் அளவு.

திருத்திச் சொல்ல வாயெடுத்தான். விளக்கு எரிந்த பின் பேசினால் தேர்வு ரத்து. எடுத்த வாய் அப்படியே நின்றது.

பச்சை விளக்கு எரிந்தது. அந்தம்மா மைக் பக்கம் சாய்ந்தார்.

"பத்து லிட்டர் தண்ணிக்கு இருபது மில்லி. அதுக்கு மேல ஒரு சொட்டு கூடாது. காத்து இல்லாத சாயங்காலமாப் பார்த்து அடிக்கணும். வாயையும் மூக்கையும் துணியால கட்டிக்கணும். அடிச்சா ஏழு நாளைக்குக் காய் பறிக்கக் கூடாது. அவ்வளவுதாங்க."

துணி கட்டச் சொன்னதாக அவனுக்கு நினைவே இல்லை. சொன்னது எது, சொல்லாமல் விட்டது எது என்று பயத்தில் ஒன்றும் பிடிபடவில்லை.

பேராசிரியர் கதவைத் திறந்துகொண்டு வந்தார். "தொண்ணூத்திரண்டு. நீதானாப்பா இது? ஒரு வார்த்தை சிந்தாமப் போய்ச் சேர்ந்திருக்கு."

"சார்..." என்றான். அவர் தோளில் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

தேறிய சந்தோஷம் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. அந்தம்மா ஏதோ நல்ல புத்தியில் மைக்கில் திருத்திச் சொல்லியிருக்கலாம். நாளைக்கு வயலில் டேங்க்கைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கும்போது, படித்த பையன் இருநூறு என்றானே என்று தோன்றிவிட்டால்? யாராவது விழுந்துவிட்டால்? படியில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கி ஓடினான்.

பண்ணைக்குப் போகும் பாதையில் அந்தம்மா போய்க்கொண்டிருந்தார். கூடவே, முதுகில் ஸ்பிரேயர் மாட்டிய மருமகள்.

"அம்மா, கொஞ்சம் நில்லுங்க."

அவர் நடந்துகொண்டே இருந்தார்.

"அம்மா, நான் இருநூறுன்னு சொல்லிட்டேன். தப்பும்மா அது. இருபதுதான்." பக்கத்தில் போய்க் கத்தியே சொன்னான். அவர் திரும்பவில்லை. கோபமாக இருக்கும் என்று நினைத்தபோது அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

மருமகள்தான் திரும்பினாள். அவன் முகத்தைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது. கட்டடத்துப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவனை ஓரமாக வரச்சொல்லிக் கையைக் காட்டினாள்.

"மருந்தைப் பத்தி நீங்க கவலையே படாதீங்க தம்பி. முப்பது வருஷமா அத்தை இதைத்தான் அடிக்கிறாங்க, எல்லாம் மனப்பாடம். எப்பவாவது இப்படி ஒரு நாள்தான் அவங்களுக்கு நிழல்ல உக்கார்ற வேலை கிடைக்குது. அதைக் கெடுத்துடாதீங்க."

"நான் எதைக் கெடுக்கப் போறேன்?" என்றான். அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"அத்தைக்கு ரெண்டு காதும் கேக்காதுன்னு உள்ள சொல்லிடாதீங்க."