மூன்று பீப்பாய்

டயாலிசிஸ் படுக்கையில் லாரி ஓட்டுநர் அசையாமல் கிடக்கிறார். இடது கையிலிருந்து இரண்டு சிவந்த குழாய்கள் இயந்திரத்துக்குப் போகின்றன. இன்னும் மூன்று மணி நேரம் அந்தக் கையை மடக்கக் கூடாது. ஜன்னல் வெயில் போர்வைமேல் படிந்திருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தங்கை, பகடை உருட்டிக் கதையாக ஆடும் தன் கற்பனை விளையாட்டில் அண்ணனுக்கும் ஒரு கதாபாத்திரம் உருவாக்குகிறாள். அவர் வலது கையால் உருட்டிய பகடைகள் சாப்பாட்டுத் தட்டில் ஓய்கின்றன. “பலம் பதினேழு! உன் கடல் கொள்ளைக்காரன் ஒத்த ஆளா நின்னு கப்பலையே பிடிச்சிடுவாண்ணே. மூணு பொருள் வச்சுக்கலாம். மந்திர வாள் எழுதட்டுமா?” அவர் காய்ந்த உதட்டை நாக்கால் தடவுகிறார். நாளுக்கு இரண்டு தம்ளருக்கு மேல் தண்ணீர் கூடாது என்பது மருத்துவர் கட்டளை. “வாள் வேணாம். மூணு பீப்பா குடிதண்ணி எழுது.” “மூணுமேவா? எதிரிங்க வந்தா?” “நான் குடிச்சு முடிக்கிற வரைக்கும் நிக்கட்டும்.”