ஊசி வந்த வருஷம்

"இந்த ஊசி வைத்தியம் எந்த வருஷத்துல வந்ததுங்க, டாக்டர்?"

கையெழுத்துப் போட வேண்டிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு டைம்கீப்பர் கேட்டார். ஓய்வு பெற்று நாலு வருஷமாகியும் அந்தப் பெயர் அவரை விடவில்லை. தொழிற்சாலை வாசலில் வருகைப் பதிவேட்டோடு முப்பது வருஷம் உட்கார்ந்தவர். உடம்பு சரியில்லை என்று லீவு கேட்டு வருகிறவனின் முகத்தைப் பார்த்தே நிஜமா பொய்யா என்று சொல்லிவிடுவார் என்று பேர் வாங்கியவர்.

இப்போது அவர் முகமே அவரைப் பாடாய்ப் படுத்தியது. இரண்டு வருஷமாக வலது கன்னத்தில் மின்சாரம் பாய்கிற மாதிரி வலி. சவரம் செய்தால், வாய் கொப்பளித்தால், ஜன்னல் காற்று பட்டால்கூடப் பளீரென்று வெட்டும். பல்வலி என்று நினைத்து இரண்டு நல்ல பற்களைப் பிடுங்கியாயிற்று. மாத்திரை தலையைச் சுற்ற வைத்ததே தவிர, வலியை அசைக்கவில்லை. கடைசியில்தான் முக நரம்பில் கோளாறு என்று கண்டுபிடித்தார்கள்.

டாக்டர் படம் வரைந்து விளக்கினார். கத்தி கிடையாது. வாயோரமாகக் கன்னத்தில் ஒரு நீள ஊசி. எக்ஸ்ரேயில் பார்த்தபடியே அதை நரம்பின் வேர்வரை கொண்டுபோய் லேசாகச் சூடு வைப்பார்கள். முக்கால் மணி நேர வேலை. மறுநாள் வீட்டுக்குப் போகலாம். கன்னம் கொஞ்சம் மரத்திருக்கும், அவ்வளவுதான்.

டைம்கீப்பர் காதில் எதுவும் ஏறியதாகத் தெரியவில்லை. "சமீபத்துல வந்ததுதானே?" என்றார்.

டாக்டர் சிரித்தார். பயந்த நோயாளிகளை நிறையப் பார்த்தவர். "உங்க மேல சோதனை பண்ணிப் பார்க்கிறேன்னு நினைச்சீங்களா? நான் படிக்கிற காலத்துலயே இருந்ததுங்க."

"வெளிநாட்டுல இருந்திருக்கும். இங்க?"

"இதே ஆஸ்பத்திரியில பதினாலு வருஷமா செய்யறோம்."

டைம்கீப்பரின் முகம் செத்துப்போயிற்று. தாளில் அவர் போட்ட கையெழுத்து கோணிக்கொண்டு போனது. அவருடைய மனைவி ஜன்னலோரம் நின்றிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அன்று பகல் முழுவதும் அவர் யாரையும் விடவில்லை. ரத்தம் எடுக்க வந்தவரிடம் கேட்டார். மயக்க மருந்து டாக்டரிடம் கேட்டார். சக்கர நாற்காலி தள்ளுகிறவரிடமும் கேட்டார். பதினாலு வருஷம் என்பது சரிதானா, நடுவில் மெஷின் பழுதாகி நாலைந்து வருஷம் நின்றிருக்குமோ, அப்போதெல்லாம் பெரிய பெரிய ஆட்களுக்குத்தான் செய்தார்களோ? அத்தனை பேரும் அவருக்குத் தைரியம் சொல்வதாக நினைத்து, ஒரு நாள்கூட நின்றதில்லை, வந்தவர்கள் எல்லாருக்கும் செய்தோம் என்றே சொன்னார்கள்.

வார்டு சிஸ்டர் இன்னும் ஒரு படி மேலே போனாள். அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கல்லூரிப் பெண் இதே வலியோடு வாயைத் திறக்க முடியாமல் வந்தாளாம். மூன்றாம் நாளே வீட்டுக்குச் சிரித்துக்கொண்டு போனாளாம். "இப்போ ரெண்டு பிள்ளைக்குத் தாய். உங்களுக்கு என்ன பயம், ஐயா?"

டைம்கீப்பர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

சிஸ்டர் மனைவியைத் தனியாக அழைத்து, அவருக்கு நாலு வார்த்தை ஆறுதலாகச் சொல்லும்படி கேட்டுக்கொண்டாள்.

"எங்கிட்ட அவருக்குச் சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல" என்றாள் மனைவி.

மறுநாள் காலையில் சொன்னபடி முக்கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. மாலையில் டாக்டர் அவரைக் குழாயடிக்குக் கூட்டிப்போய்க் குளிர்ந்த நீரால் முகம் கழுவச் சொன்னார். பழக்க தோஷத்தில் டைம்கீப்பர் முதலில் பின்வாங்கினார். பிறகு ஒரு கை நீரை அள்ளி அடித்தார். வலி இல்லை. கன்னத்தை மெல்லத் தட்டிப் பார்த்தார். வலி இல்லை. திடீரென்று கையை ஓங்கி ஓர் அறை விட்டார். இரண்டாவது அறை விழுவதற்குள் டாக்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"முக்கால் மணி நேரம்தானா?" என்று கேட்டுவிட்டு, அந்தப் பெரிய மனிதர் வார்டே பார்க்க விம்மி விம்மி அழுதார். டாக்டர் தோளில் தட்டிக்கொடுத்து, நிறைந்த மனத்தோடு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

"பாவம், ஐயாவுக்குச் சந்தோஷம் தாங்கலை" என்றாள் சிஸ்டர்.

மனைவி துண்டை மடித்துப் பைக்குள் வைத்தாள். அவள் குரல் உயரவில்லை.

"எங்க பொண்ணுக்கும் இதே வலிதான், சிஸ்டர். கல்யாணத்தைத் தட்டிக்கழிக்க நடிக்கிறாள்னு சொல்லி அந்தக் கன்னத்துலயே அறைஞ்சார். மறுநாள் விடியறதுக்குள்ள அவ தன் உயிரைத் தானே முடிச்சுக்கிட்டா. ஒன்பது வருஷம் ஆச்சு. அப்போ இந்த வைத்தியமே வரலைன்னு யாராவது ஒருத்தர் சொல்லிட மாட்டாங்களான்னுதான் நேத்திலேர்ந்து கேட்டுக்கிட்டிருக்கார்."