மூடிக்குள் ஒரு கீறல்

"எந்தக் கழுதை இதைத் தொட்டது?"

எக்கார்ட் போட்ட சத்தத்தில் பட்டறையின் நான்கு மேஜைகளிலும் வேலை நின்றது. கண்ணில் மாட்டியிருந்த லென்ஸைக்கூட அவர் கழற்றவில்லை.

"மேடம், நீங்களே வந்து பாருங்க! திருகுத் தலையைக் கடிச்சுத் துப்பி வச்சிருக்கு. நெருப்புல காட்டி நீலம் ஏத்தின திருகு மேடம்! தகடு பூரா கோடு. முடி மாதிரி சுருண்டிருக்கிற ஹேர்ஸ்பிரிங் வேற கோணிக்கிட்டு நிக்குது."

பட்டறையை நடத்தும் யூட்டா மேடம், கடிகாரத்தோடு ஹாம்பர்க்கிலிருந்து வாடிக்கையாளர் அனுப்பிய கடிதத்தை மடித்து வைத்தார்.

"தினமும் பத்து நிமிஷம் பின்னாடி ஓடுதாம். மார்ச்லதான் நம்மகிட்ட சர்வீஸ் பண்ணியிருக்கார். நம்ம ஊர் கிளாஸ்ஹ்யூட்டேங்கிறது வெறும் பேர் மட்டும்தானான்னு கேட்டிருக்கார்."

எக்கார்டுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நூற்றெழுபது வருடங்களுக்கு மேலாகக் கடிகாரம் செய்தே பிழைக்கிற ஊர். உலகப் போரில் குண்டு விழுந்து, ரஷ்யர்கள் இயந்திரங்களைப் பெயர்த்துக்கொண்டு போன பிறகும், மிச்சமிருந்த அரத்தை வைத்து மறுபடி ஆரம்பித்த ஊர். அதன் மானத்தை யாரோ ஒரு திருப்புளியால் வாங்கிவிட்டார்கள்.

காபியை எடுத்தார். கோபத்தில் கை ஆடி, பாதிக் காபி சட்டையில் சிந்தியது.

"போன வருஷம் நான் கொண்டுவந்த விதிதானே மேடம்? வாட்சைக் கெடுத்தவங்க மேஜையை விட்டு எந்திரிச்சு பேக்கிங்குக்குப் போகணும். இன்னைக்கே போகணும். அழுதாலும் விடக்கூடாது!"

"யாருன்னு பாருங்க மொதல்ல."

யார் பழுது பார்த்தார் என்று இங்கே எந்த நோட்டிலும் எழுதுவதில்லை. முடித்தவர் பின்மூடியின் உட்புறத்தில் ஊசியால் தன் முதலெழுத்துகளையும் தேதியையும் பொடியாகக் கீறிவிடுவார். எக்கார்ட் மூடியை வெளிச்சத்தில் திருப்பினார். மார்ச் பன்னிரண்டு. பக்கத்து மேஜை சில்கேயின் எழுத்துகள்.

"நீயா!"

சில்கே தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஒரு வாட்சுக்கு ஆறு நாள் உருட்டுவியே, இந்த லட்சணத்துக்குத்தானா? நான் மூணே நாள்ல முடிச்சு உன் மேஜையில வைக்கிறேன். கடைசியா நேரம் சரிபார்க்கிறேன்னு அதையும் ரெண்டு நாள் அமுக்கி வச்சுக்குவ. முப்பத்திநாலு வருஷம்! என் வாட்ச் ஒண்ணாவது திரும்பி வந்திருக்கா?"

"இல்ல மாஸ்டர். என் தப்புதான்."

"தப்பா? தரித்திரம்! எந்திரி!"

அவள் வெள்ளைக் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, பேக்கிங் அறைக்குப் படியிறங்கிப் போனாள். பதினெட்டு வருடம் உட்கார்ந்த நாற்காலி. எக்கார்டுக்கு அப்போதும் ஆத்திரம் தீரவில்லை.

யூட்டா மேடம் சுவரிலிருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மாஸ்டர், மார்ச் பன்னிரண்டு அவ அம்மாவோட அடக்கம். நான் போய் வந்தேன். அந்த வாரம் பூரா அவ இந்த ஊர்லயே இல்ல."

"அப்ப இது?"

"காலையில இந்தப் பார்சலைப் பிரிச்சது அவதான்."

எக்கார்ட் மூடியை மறுபடி லென்ஸுக்கு அருகில் கொண்டுபோனார். நான்கு மாதக் கீறல் மங்கியிருக்க வேண்டும். இது புதிதாகப் பளபளத்தது. அதற்கடியில் எதையோ தேய்த்து அழித்திருந்தது. அழியாமல் ஓர் எழுத்தின் வால் மட்டும் மிச்சமிருந்தது. அப்படி வாலை நீட்டிக் கீறுவது பட்டறையில் அவர் ஒருவர்தான்.

"ஒரு வாட்சுக்கு ஏன் ஆறு நாள்னு இப்பத்தான் எனக்குப் புரியுது," என்றார் யூட்டா மேடம், மெதுவாக. "உங்களோடதையும் பிரிச்சு மறுபடி மாட்டிக்கிட்டிருந்திருக்கா. அந்த ஒரு வாரம்தான் உங்க வாட்ச் அவ கை படாம வெளிய போச்சு."

எக்கார்ட் மூடியை மேஜையில் வைக்கப் போனார். கோபம் முழுதாக வடிந்திருந்தது. கை ஆடுவது மட்டும் நிற்கவில்லை.