செவட்டை வராத கொடி

கூடலூர் சுருளிராஜன் ஒரு பூந்தொட்டியைத் தூக்கிக்கொண்டு கோபமாக ஆராய்ச்சி நிலையத்துக்குள் நுழைந்தார்.

“செவட்டை நோய் எட்டிக்கூடப் பாக்காதுன்னு மீட்டிங்கு போட்டுச் சொன்னீகளே தாயி, இந்தா பாருங்க!”

விஞ்ஞானி ரெஹானா பதறிப்போனாள். தொட்டியிலிருந்த திராட்சைக் கொடியின் இலைகளில் மஞ்சள் திட்டுகள். அடியில் வெள்ளைப் பூசணம். காட்டுத் திராட்சையின் மரபணுவைச் சேர்த்து அவள் உருவாக்கிய கொடிக்கு அந்த நோய் வரவே கூடாது. வந்துவிட்டால் இத்தனை வருட உழைப்பும் வீண்.

“இது எங்க கொடிதானாய்யா?”

“பின்ன? எம் பொண்டாட்டியக்கூடத் தொட விடாம வளத்தேன்.”

“அனுமதி வர்ற வரைக்கும் கண்ணாடிக் கூடத்த விட்டு ஒரு இலைகூட வெளிய போகக் கூடாதே. உங்களுக்கு யாரு குடுத்தாக?”

சுருளிராஜனின் சத்தம் சட்டென்று இறங்கியது.

“சுத்திக் காட்டக் கூட்டிட்டுப் போனீகள்ல... அப்ப ஒரு குச்சி ஒடிஞ்சு சட்டைப் பைக்குள்ள விழுந்துருச்சு.”

“எந்தப் பக்கம்?”

“வாசல் ஓரம்.”

ரெஹானாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே சிரிப்பும் வந்தது.

“அது மரபணு மாத்தாத கொடிய்யா. புதுக் கொடியோட ஒப்பிட்டுப் பாக்க வச்சிருக்கோம். போன வருசம் உங்க தோட்டத்துலதான் கேட்டு வாங்கியாந்தோம்!”

சுருளிராஜன் தொட்டியை உற்றுப் பார்த்தார்.

“அதானே பாத்தேன்! அம்புட்டுக் கொடி இருந்தும் இது மட்டும் என்னையப் பாத்துச் சிரிச்சுச்சு!”