ஞானமுத்துவின் வேல்ஸ் பேய்

பன்னிரண்டாவது தொகுப்பிலும் முதல் பேய்க்குத் தலை இல்லை.

பக்கத்தைப் புரட்டினாள்.

இரண்டாவது கதையில், கடலுக்குள் மூழ்கிப்போன தேவாலயத்தின் மணி அடித்தது. மூன்றாவதில் நிலக்கரிச் சுரங்கத்தின் சுவரை உள்ளிருந்து யாரோ தட்டினார்கள்.

நல்ல பேய்கள்தான். ஆனால் அவர் இல்லை.

பழைய புத்தகக் கடையின் மாடி. ஒற்றை நாற்காலியில் நாத்தனார் தங்கபுஷ்பம் உட்கார்ந்துவிட்டதால் அவள் தரையில் உட்கார்ந்து, சுவரில் சாய்ந்து, கால்களை நீட்டியிருந்தாள். ஜன்னல் வழியே மதிய வெயில். வேல்ஸில் அது தினமும் கிடைக்கிற பண்டமில்லை. முழங்கால் இரண்டையும் அதற்குக் கொடுத்திருந்தாள்.

கடைக்காரருக்கு அவளைத் தெரியும். மூன்று வருடமாக வருகிறாள். வேல்ஸில் நடக்கிற, வேல்ஸ்காரர்களே எழுதிய பேய்க்கதைத் தொகுப்பு எது வந்தாலும் அவளுக்கென்று எடுத்து வைத்துவிடுவார். எதற்கு என்று ஒருநாளும் கேட்டதில்லை.

தங்கபுஷ்பம் கேட்டாள். பாளையங்கோட்டையிலிருந்து வந்து பத்து நாள்தான் ஆகிறது.

"எங்கண்ணனா? பேய்க்கதையா? பல்லி விழுந்தாலே பெஞ்சு மேல ஏறி நிப்பாவளே, மைனி!"

"எழுதியிருக்காவ. ஒண்ணே ஒண்ணு."

அதையும் அவள் கணவர் கடைசி மாதத்தில்தான் சொன்னார். இங்கே இரும்பாலையில் வேலை பார்த்த காலத்தில் ஒரு தொகுப்புக்கு எழுதி அனுப்பியது. வேல்ஸ்காரர்கள்தான் எழுத வேண்டும் என்று அறிவிப்பு. ஞானமுத்து ஒரு வேல்ஸ் பெயரைச் சூட்டிக்கொண்டார். புத்தகம் வெளிவருவதற்குள் திருச்சபையில் மூப்பராகிவிட்டார். மூப்பர் பேய்க்கதை எழுதினார் என்றால் வெளியே தலைகாட்ட முடியுமா? வந்த ஒரு பிரதியையும் எங்கோ தள்ளிவிட்டார்.

என்ன பெயர் என்று கேட்டாள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே சிரித்தார்.

"நாப்பது வருசம் கூட இருந்திருக்க. பேரு எதுக்குட்டி? படிச்சாத் தெரியாதா?"

சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

படித்தால் தெரிய வேண்டும். தெரியாவிட்டால், நாற்பது வருடம் யாரோடு இருந்தாள்?

போன வருடம் ஒரு கதையில் பேய் தேநீரைச் சாசரில் ஊற்றி, ஊதி ஊதிக் குடித்தது. இவரேதான் என்று நெஞ்சோடு அணைத்து வாங்கிப் போனாள். வீட்டில் பின்னட்டையைத் திருப்பினால் எழுதியவரின் படம். செம்பட்டைத் தாடி.

இதைக் கேட்டுத் தங்கபுஷ்பம் சிரித்த சிரிப்பில், கீழேயிருந்து கடைக்காரர் ஒருமுறை இருமினார்.

நான்காவது கதை.

மலையடிவாரம். மழை. ஒரே ஓர் அறை உள்ள வீடு. செத்துப்போன இடையன், தினமும் விடியற்காலையில் அடுப்போர நாற்காலியிலிருந்து எழுந்து ஆடுகளைப் பார்க்கக் கிளம்புகிறான். கதவுக்குப் போகிற வழியில் தரையில் படுத்திருக்கிறாள் அவன் மனைவி.

தாண்டுகிறான்.

இதுவும் இல்லை என்று, புரட்டுவதற்காகப் பக்கத்தில் விரலை வைத்தாள்.

அடுத்த வரியில் பேய் நின்றது.

நாக்கைக் கடித்துக்கொண்டது. திரும்பி, படுத்திருந்தவளை மறுபடி இந்தப் பக்கமாகத் தாண்டியது. பிறகு சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, அவள் கால்மாட்டைச் சுற்றிக் கதவுக்குப் போனது.

விரல் அங்கேயே இருந்தது.

பக்கத்தின் அடியில் தொகுப்பாசிரியரின் குறிப்பு. இவ்வாறு திரும்பத் தாண்டுவது, மலைநாட்டு இடையர்களிடம் முன்பு இருந்து வழக்கொழிந்துபோன ஏதோ தொன்மையான சடங்காக இருக்கலாம். ஆய்வுக்குரியது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கினாள். கண்ணாடி நனைந்தது.

"என்ன மைனி?"

அதை மட்டும் வாசித்துக் காட்டினாள், தமிழில் சொல்லி.

"சடங்கா!" தங்கபுஷ்பம் தொடையில் தட்டினாள். "எங்கம்மா முதுகுலயே வைப்பா. படுத்திருக்க பிள்ளையத் தாண்டுதியே, திருப்பித் தாண்டுலேன்னு. அண்ணன் வாங்காத அடியா?"

அவளுக்கு அது கேட்கவில்லை. வேறொன்று கேட்டுக்கொண்டிருந்தது.

கல்யாணமாகி வேல்ஸுக்கு வந்த முதல் வருடம். இரும்பாலைக்குப் பின்னால் ஒற்றை அறை. கட்டில் தொய்ந்து கிடந்ததால் அவள் தரையில்தான் படுப்பாள். காலை ஷிஃப்டுக்கு இருட்டோடு எழுந்திருப்பார். அரைத் தூக்கத்தில் ஒரு தாண்டல். ஐயோ என்று ஒரு முணுமுணுப்பு. திரும்ப ஒரு தாண்டல். அப்புறம் சுவரோரமாகச் சட்டை உரசுகிற சத்தம்.

எல்லாவற்றையும் கேட்டபடி அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். மூச்சைச் சீராக விடுவாள். ஊர் நினைப்பில் அழுது வீங்கிய முகத்தை அவர் பார்த்துவிடக் கூடாது. வேலைக்குப் போகிற மனிதர்.

ஒரு வருடம் முழுக்க நன்றாகத்தான் நடித்தாள்.

கதையில் இன்னும் இரண்டு வரி இருந்தது.

அவள் விழித்திருக்கிறாள் என்பது பேய்க்குத் தெரியும். தெரியும் என்று காட்டிக்கொள்ளாமல், கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனது.

எழுதியவர் பெயரை அவள் பார்க்கவில்லை.

புத்தகத்தை மடியில் விரித்தபடி வைத்துக்கொண்டாள். தலையைச் சுவரில் சாய்த்துக் கண்ணை மூடினாள்.

"மைனி? கெடச்சிட்டா?"

மூச்சைச் சீராக விட்டாள்.

"தூங்கிட்டியளா?"

உதட்டோரம் கொஞ்சம் காட்டிக்கொடுத்திருக்க வேண்டும்.

நாற்காலி கிறீச்சிட்டது. தங்கபுஷ்பம் எழுந்துவிட்டாள். "சரி, தூங்குங்க. கீழ காப்பி கிடைக்குமான்னு பாக்கேன்."

பிறகு, நீட்டிய கால்களைச் சுற்றி, அலமாரியோரமாகச் சேலை உரசிக்கொண்டு போகிற சத்தம்.

அவள் கண்ணைத் திறக்கவில்லை.