கண்ணுக்கு இதமான நிறம்

"இதுக்குப் பேரு கலராம்மா? பாலுல ஒரு சொட்டு காபி விழுந்த மாதிரி இருக்கு!"

ஏணி மேலிருந்து யாமிலெத் கத்தினாள். கீழே அவள் அம்மா ஒடிலியா, வாளியில் பெயிண்டைக் கலக்கிக்கொண்டே நிமிர்ந்தாள்.

"க்ரீம் கலர்டி. பார்த்தாலே மனசு அடங்கும்னு கடைக்காரர் சொன்னாரு. பெரிய ஓட்டல்ல எல்லாம் இதைத்தான் அடிக்கிறாங்களாம்."

"இந்தக் கொலோன் ஊர்ல எந்த வீடு இப்படி வெளுத்துக் கிடக்கு? பச்சை, மஞ்சள்னு தெருவே கிளிக்கூட்டமா இருக்கு. அண்ணனுக்கு அந்தப் பழைய நீலம்தானே பிடிக்கும்?"

"அது சின்னப் பையனா இருந்தப்போ. இப்ப களைச்சுப் போய் வர்றான். கண்ணுக்கு இதமா இருக்கணும். பேசாம அந்த மூலையை அடி."

ஜன்னலில் பக்கத்து வீட்டு எதுவிகெஸின் தலை தெரிந்தது.

"என்ன ஒடிலியா, கல்யாணமா?"

"என் பையன் எவெலியோ இன்னிக்கு வர்றான்."

"அப்பாடா! கப்பல்ல ஒருவழியா லீவு குடுத்துட்டாங்களா? நாங்க இந்தத் தெருவுக்கு வந்த நாளா அவன் முகத்தையே பார்த்ததில்லை. பெத்தவளையே மறந்துட்டானோன்னு நெனச்சேன்!"

"கப்பல் வேலைன்னா அப்படித்தான்" என்று சிரித்துவிட்டு, ஒடிலியா சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மத்தியானம் எவெலியோ வந்தான். இளைத்திருந்தான். வாசலிலேயே அம்மா கட்டிப்பிடித்து அழுதாள். தங்கையைப் பார்த்து அவன் வாய்விட்டுச் சிரித்தான்.

"என்னடி, தென்னமரம் மாதிரி வளர்ந்துட்டே! சோறு எங்கே? தேங்காய்ச்சோறு வாசனை தெருமுனையிலேயே என்னைப் பிடிச்சு இழுத்துச்சு."

"முதல்ல உன் ரூமைப் பாரு. அப்புறம் சோறு."

ஒடிலியா பின்னாலிருந்து அவன் கண்களைப் பொத்தி உள்ளே கூட்டிப் போனாள். புதுத் திரை, புது விரிப்பு. வெயில் பட்டுச் சுவரெல்லாம் வெண்ணெயாய் மின்னியது. கைகளை எடுத்தாள்.

அவன் சிரிப்பு நின்றுபோயிற்று. முகம் வெளிறியது. பின்வாங்கினான். இரண்டு கைகளும் தாமாகவே முதுகுக்குப் பின்னால் போய்ச் சேர்ந்துகொண்டன.

"என்னடா, பிடிக்கலியா?"

காற்றில் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. எவெலியோ பதறிப் பாய்ந்து அதைத் திறந்தான். நிலைப்படியை இறுகப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான். நெற்றி வியர்த்துக் கொட்டியது.

"ஐயோ, என்னடா ஆச்சு? சொல்லேன்!" ஒடிலியா அலறினாள்.

அவன் அம்மாவின் தலையை மெதுவாகத் தடவிக் கொடுத்தான்.

"உன் மேல தப்பில்லம்மா. மனு போட்டு என்னைப் பார்க்க வந்தப்பல்லாம் நீ கம்பிக்கு வெளியதானே நின்னே, உனக்கு எப்படித் தெரியும்? ஜெயில்ல என் அறைக்கும் இதே கலர்தாம்மா."