ஐந்தாம் காம்பராச் சண்டை

"போகக் கூடாதுன்னா போகக் கூடாது. மீறிப் போனா திரும்ப இந்த வீட்டுக்குள்ள காலெடுத்து வைக்காத."

ஐந்தாம் காம்பராவில் கிருஷ்ணகுமார் போட்ட சத்தம் தோட்டத்து லயம் முழுக்கக் கேட்டது. கேட்காமல் எப்படி இருக்கும்? வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றை அறை வீடுகள்தான் லயம்; ஒரு காம்பராவுக்கும் அடுத்த காம்பராவுக்கும் நடுவிலுள்ள சுவர் கூரை வரைக்கும் போவதில்லை.

கூடவே பாத்திரம் ஒன்று தடாரென்று விழுந்த சத்தம்.

கடைசிக் காம்பரா தர்மிளாவுக்கு அன்று வளைகாப்பு. புளத்கொகுபிட்டிய டவுன் கபூர் நானா கடையிலிருந்து வளையல் வந்து, பெண்கள் எல்லாரும் சீலை மாற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்தா இவன் பெண்டாட்டியைப் போகவிடாமல் மறிப்பான்?

தர்மிளாவின் அம்மா தங்கம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பாவம் சுகந்தினி. கல்யாணமாகி எட்டு வருசம், புள்ள இல்லேங்கிற கோவத்த அவ மேல காட்டுறான். பேர் வைக்கிற வீட்டுக்கும் விடல, காதுகுத்துக்கும் விடல. இவனுக்கு என்ன பிஸ்ஸா, பைத்தியமா?"

இன்றைக்கு ஒரு கை பார்த்துவிடுவது என்று முந்தானையை இடுப்பில் செருகினாள். அவ்வளவுதான், பின்னால் ஏழெட்டுப் பெண்கள் கிளம்பிவிட்டார்கள். ஒருத்தி கையில் விளக்குமாறு. பக்கத்து லயத்து ஆட்களும் வேடிக்கை பார்க்க ஓடி வந்தார்கள்.

உள்ளே மறுபடியும் தடார்.

"அடிக்கிறான் போல. தள்ளுங்க கதவ."

கதவு திறந்தது.

கிருஷ்ணகுமார் ஒரு கையில் அகப்பையும் மறு கையில் தகரத் தட்டுமாக நின்றான். சுகந்தினி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, ரொட்டியைத் தேத்தண்ணியில் தோய்த்துத் தின்றபடி, சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். ரொட்டி சுட்டது அவன்தான். முழங்கை வரைக்கும் மாவு.

"என்னடி கூத்து இது?" என்றாள் தங்கம்மா.

கிருஷ்ணகுமார் அசடு வழியத் தலையைச் சொறிந்தான். சுகந்தினிதான் எழுந்து வந்தாள். சிரிப்பு போயிருந்தது.

"போன வருசம் உங்க மூத்த மக வளைகாப்புல வளையல் தட்ட வரிசையா நீட்டிக்கிட்டே வந்தீங்க. என்கிட்ட வந்ததும் என்னயத் தாண்டி அந்தப் பக்கம் நீட்டுனீங்க பெரியம்மா. ராத்திரியெல்லாம் அழுதேன். வராம இருந்தா எனக்குப் பொறாமைம்பீங்க. அதான், விசேஷம்னு ஒன்னு வந்தா இவரு அன்னைக்கு மட்டும் கெட்ட புருசனா ஆயிடுறாரு."